மெல்லப் பற்றும் காதல்: 'பிளட்லைன்ஸ்' வாசிப்புக் குறிப்புகள்

காதல் கதை வாசிக்கிறவர்கள் நடுவே 'ஸ்லோ பர்ன்' என்ற வார்த்தை ரொம்பப் புழங்குகிறது. சட்டென்று பற்றிக்கொள்ளாமல், உமிக்குள் கனன்றுகொண்டே இருக்கும் தணல் மாதிரி வளரும் காதல். ரசிகர்கள் தாங்களே எழுதிப் போடும் கதைகளில் இதை ஒரு லேபிளாகவே ஒட்டி வைக்கிறார்கள். 'பொறுமை இருந்தா உள்ள வாங்க' என்று அதற்கு அர்த்தம்.

சரி, மெதுவாகப் போனால் மட்டும் போதுமா? முத்தக் காட்சியை நானூறு பக்கம் தள்ளிப்போட்டால் அது ஸ்லோ பர்ன் ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது தள்ளிப்போகிறது, எதனால் தள்ளிப்போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதைப் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் ரிச்செல் மீட் பதின்பருவ வாசகர்களுக்காக எழுதிய 'பிளட்லைன்ஸ்'. 2011 முதல் 2015 வரை வெளியான ஆறு நாவல்கள். 2007-லிருந்து 2010 வரை அவர் எழுதிய 'வாம்பயர் அகாடமி' தொடரின் கிளைக்கதை இது. முதல் தொடரைப் படிக்காமலும் இதைப் படிக்கலாம், கொஞ்சம் தடுமாறுவீர்கள், அவ்வளவுதான்.

முன்னெச்சரிக்கை: கீழே கதை முழுக்க உடைபடும். படிக்கிற எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் அந்த உலகம்

மீட் தன் வாம்பயர்களுக்குப் பெயரை ருமேனிய நாட்டார் நம்பிக்கைகளிலிருந்து எடுத்திருக்கிறார். மொரோய் என்பவர்கள் உயிருள்ள வாம்பயர்கள். பிறக்கிறார்கள், வளர்கிறார்கள், சாகிறார்கள். ரத்தம் குடிப்பார்கள், ஆனால் அதற்காகக் கொல்ல மாட்டார்கள். மந்திர சக்தி உண்டு. ஸ்ட்ரிகோய் என்பவர்கள்தான் நமக்குப் பழக்கமான ரத்தக்காட்டேரிகள்: செத்தும் சாகாதவர்கள், கொன்று குடிப்பவர்கள். மனிதக் கலப்பில் பிறந்து மொரோய்களுக்குக் காவலாக நிற்பவர்கள் தாம்பிர்கள். இந்தப் பெயர் பால்கன் பகுதிக் கதைகளிலிருந்து வந்தது.

இதெல்லாம் முதல் தொடரிலேயே உண்டு. 'பிளட்லைன்ஸ்' கதையைச் சொல்பவள் இந்த மூன்று கூட்டத்தையும் சேராதவள். சிட்னி சேஜ் ஒரு மனுஷி, பதினெட்டு வயது. 'ஆல்கெமிஸ்ட்' என்ற ரகசிய அமைப்பில் பிறந்து வளர்ந்தவள். வாம்பயர்கள் இருப்பதே மனித உலகத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த அமைப்பின் வேலை. கன்னத்தில் தங்க நிறத்தில் ஒரு லில்லிப் பூ பச்சை குத்தியிருப்பார்கள். அந்த மையில் வாம்பயர் ரத்தமும் மந்திரமும் கலந்திருக்கும், ரகசியத்தை வெளியாளிடம் சொல்ல வாயே வராது. மொரோய்களோடு வேலை பார்க்கலாம். பழகக் கூடாது. அவர்கள் இயற்கைக்கு விரோதமான பிறவிகள் என்று குழந்தையிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள்.

மொரோய் அரசியின் தங்கை ஜில்லைக் கொல்ல ஒரு கூட்டம் அலைகிறது. அரசிக்கு உயிரோடு ஒரு உறவாவது இருந்தால்தான் அவள் அரியணையில் இருக்க முடியும் என்பது அவர்கள் சட்டம். அதனால் ஜில்லை கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒளித்து வைக்கிறார்கள். வெயில் கொளுத்தும் பாலைவன ஊர். வெயிலைத் தாங்காத வாம்பயரை அங்கே யார் தேடப்போகிறார்கள்? கூட ஒரு ஆல்கெமிஸ்ட் போக வேண்டும். சிட்னியின் அப்பா அவளுடைய தங்கை ஸோயியை அனுப்பப் பார்க்கிறார். தங்கை கன்னத்தில் அந்தப் பூ விழக் கூடாது என்பதற்காகவே சிட்னி தானே போகிறாள்.

அங்கேதான் ஏட்ரியன் இவாஷ்கோவும் வந்து சேர்கிறான். அரச குலத்து மொரோய். முதல் தொடரில் காதலித்த பெண் வேறொருவனோடு போய்விட, மனம் உடைந்து கிடப்பவன். குடி, சிகரெட், எதிலும் பிடிப்பில்லாத பேச்சு. இவர்கள் இருவருக்கும் நடுவில்தான் காதல் வரப்போகிறது என்று முதல் புத்தகத்தின் பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். சிட்னிக்குத்தான் தெரியாது.

தள்ளிப்போவது எது?

ஒப்பிட்டுப் பார்க்க 'ட்வைலைட்' வசதியாக இருக்கும். 2005-இலிருந்து 2008 வரை வந்த ஸ்டெஃபனி மேயரின் நான்கு நாவல்கள். அதிலும் காத்திருப்பு உண்டு, நான்காவது புத்தகத்தில் கல்யாணம் ஆகும்வரை எட்வர்ட் பிடிவாதமாக இருக்கிறான். ஆனால் பெல்லாவும் எட்வர்டும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள் என்பது முதல் புத்தகத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். மனசு முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்புதான் பின்னால் நிற்கிறது.

'பிளட்லைன்ஸ்' இதற்கு நேர் எதிர். இதில் தள்ளிப்போவது சிட்னியின் புரிதல். தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரிய வருவதற்கே இரண்டு புத்தகம் ஆகிறது. அவளை மந்தம் என்று சொல்லிவிட முடியாது. கதையிலேயே அதிகம் படித்தவள் அவள்தான். கட்டடக்கலை, வேதியியல், மொழிகள் என்று எதைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் 'ஒரு வாம்பயரைப் பிடித்திருக்கிறது' என்ற வாக்கியத்தைச் சொல்ல அவள் கற்ற பாடத்தில் இடமே இல்லை. அந்த வாக்கியம் அவளுக்குப் பாவம் மட்டுமல்ல, அர்த்தமே இல்லாதது.

அதனால்தான் இங்கே மெதுவாகப் போவது அலங்காரம் இல்லை. காதல் வளர்கிற வேகமும், பதினெட்டு வருஷமாக ஊட்டிய அருவருப்பு கரைகிற வேகமும் ஒன்றுதான். இதை வேகமாகச் சொல்லியிருந்தால் பொய்யாகப் போயிருக்கும். இரண்டு அத்தியாயத்தில் உதிர்கிற வெறுப்பு என்றால், அது ஆரம்பத்திலேயே இல்லாத வெறுப்பு என்றுதானே அர்த்தம்?

கார், காப்பி, பிரேடன்

ஸ்லோ பர்னின் சுவை சின்னச் சின்னத் தடயங்களில் இருக்கிறது. இரண்டாவது புத்தகமான 'தி கோல்டன் லில்லி' (2012) இதற்கு ஒரு பாடப்புத்தகம் மாதிரி.

சிட்னிக்குக் கார் என்றால் உயிர். ஏட்ரியன் ஒரு பழைய மஸ்டாங் வாங்குகிறான். கியர் வண்டி. அவனுக்குக் கியர் போட்டு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாத வண்டியை ஒருத்தன் ஏன் வாங்க வேண்டும்? வாசகர்கள் சிரித்துக்கொள்வார்கள். சிட்னியோ, 'இப்படிப்பட்ட வண்டியை இவன் கெடுத்துவிடக் கூடாது' என்று கிளட்ச் பிடிக்கச் சொல்லித்தர உட்கார்ந்துவிடுகிறாள். அவளைப் பொறுத்தவரை அது வண்டிக்குச் செய்கிற சேவை.

அதே புத்தகத்தில் அவளுக்கு ஒரு 'சரியான' பையனும் வருகிறான். பிரேடன். காப்பிக் கடையில் வேலை பார்ப்பவன், மனுஷன், அவளை மாதிரியே புத்தகப் புழு. இரண்டு பேரும் பேசினால் விநாடி வினா நிகழ்ச்சி மாதிரி இருக்கும். எல்லாப் பொருத்தமும் உண்டு. ஆனால் அவனோடு இருக்கும்போதெல்லாம் யாருக்காவது ஏதாவது அவசரம் என்று ஃபோன் வரும், சிட்னி பாதியில் எழுந்து போய்விடுவாள். ஏன் போகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. கேட்கிற வேலையை மீட் நம்மிடம் விட்டுவிடுகிறார்.

பிரேடனை வில்லனாக்காமல் விட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவன் கெட்டவனாக இருந்தால் வேலை சுலபம். அவன் நல்லவன், பொருத்தமானவன், ஆனாலும் ஏதோ குறைகிறது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும் ஒன்றில் என்ன குறைகிறது என்று யோசிக்கும் இடத்துக்கு சிட்னியைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் அவன்.

சொல்பவளைவிட நமக்கு அதிகம் தெரியும்

இதெல்லாம் பலிப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. முதல் மூன்று புத்தகங்களும் சிட்னியின் குரலில், 'நான்' என்று சொல்லும் கதை. ஏட்ரியன் கண்ணின் பச்சை நிறத்தைப் பற்றி அவள் ஒரு குறிப்பு எழுதுவாள். அடுத்த வரியிலேயே, 'இது வெறும் கவனிப்புதான்' என்கிற தொனியில் வேறு விஷயத்துக்குத் தாவுவாள். அவள் நம்மிடம் பொய் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளாததை நமக்கு எப்படிச் சொல்வாள்? வரிகளுக்கு நடுவே படித்து, அவளுக்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

தோழி ஒருத்தி காதலில் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற சுகம் இது. 'அடியே, உனக்கு இன்னுமா புரியலை?' என்று கத்தத் தோன்றும். அந்தக் கத்தல்தான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

இதில் ஜில்லின் நிலைமை இன்னும் வேடிக்கை. செத்துப்போன ஜில்லைத் தன் மந்திரத்தால் உயிர்ப்பித்தவன் ஏட்ரியன். அதனால் அவன் உணர்வதெல்லாம் அவளுக்கும் தெரியும், அவன் குடித்தால் மறுநாள் காலை அவளுக்கும் தலை வலிக்கும். ஆக அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியும். சொல்ல முடியாமல் தவிக்கிறாள். வாசகரின் இடத்தில் ஒரு கதாபாத்திரத்தையே உட்கார வைத்திருக்கிறார் மீட்.

தணல் பற்றும்போது

'தி கோல்டன் லில்லி' முடிகிற இடத்தில் ஏட்ரியன் வாய்விட்டுச் சொல்லி முத்தமிடுகிறான். ஒரு நிமிஷம் அவளும் இசைகிறாள். பிறகு விலகி, முடியாது என்கிறாள். இரண்டு புத்தகம் காத்திருந்த வாசகருக்கு இது அநியாயம் மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் வேறு எதுவும் நடந்திருக்க முடியாது. ஆசை வந்துவிட்டது, நம்பிக்கை இன்னும் உடையவில்லை.

அது உடைவதுதான் மூன்றாவது புத்தகம், 'தி இண்டிகோ ஸ்பெல்' (2013). மார்கஸ் ஃபின்ச் என்ற முன்னாள் ஆல்கெமிஸ்டைச் சந்திக்கிறாள். அவன் கன்னத்தில் தங்கப் பூவுக்கு மேலே நீல மையில் வேறு கோலம். பச்சையின் பிடியை முறிக்க வழி இருக்கிறது என்று அவன் மூலம் தெரிகிறது. தன் அமைப்பு மறைத்து வைத்தவற்றையும் தானே தோண்டி எடுக்கிறாள். அதற்கப்புறம்தான், புத்தகத்தின் கடைசியில், ஏட்ரியனிடம் வருகிறாள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தன் கண்ணால் பார்த்துத் தன் புத்தியால் முடிவெடுக்கிறாள், பிறகு காதல். அவன் அவளை மீட்டெடுக்கவில்லை. அவளே வெளியே நடந்து வருகிறாள், அவன் வாசலில் நிற்கிறான்.

ஒரு பதின்பருவ வாம்பயர் கதையில் இது சின்ன விஷயமில்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்த 1897-லிருந்தே இந்த வகைக் கதைகளில் பெண்ணின் விருப்பம் என்பது வசியத்துக்கும் சம்மதத்துக்கும் நடுவே எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும். ஏட்ரியனுக்கும் மனசை வளைக்கிற வசியச் சக்தி உண்டு. சிட்னி அதற்கு ரொம்பப் பயப்படுகிறாள். அவள் வர ஆன தாமதம் முழுக்க, இந்தச் சம்மதம் அவளுடையதே என்பதற்கான அத்தாட்சி.

சேர்ந்த பிறகு?

ஸ்லோ பர்ன் கதைகளுக்கு ஒரு கண்டம் உண்டு: சேர்ந்ததும் சப்பென்று ஆகிவிடும். மீட் இதை ஓரளவு சமாளிக்கிறார். நான்காவது புத்தகமான 'தி ஃபயரி ஹார்ட்' (2013) முதல்முறையாக ஏட்ரியனின் குரலையும் மாறி மாறித் தருகிறது. வெளியிலிருந்து விளையாட்டுப் பிள்ளையாகத் தெரிந்தவனின் உள்ளே எவ்வளவு இருட்டு என்று அப்போதுதான் தெரிகிறது. அவனுடைய மந்திரம் மனநிலையைக் குலைக்கும் வகை. குடித்ததெல்லாம் அதை மரத்துப்போக வைக்கத்தான். ஒரு கட்டத்தில் டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுக்கிறான், அதனால் மந்திரத்தை இழக்கிறான். காதல் வந்தால் எல்லாம் குணமாகிவிடும் என்று கதை சொல்லவில்லை என்பது நிம்மதி.

பழைய சுகம் கொஞ்சம் குறைவதும் உண்மைதான். இரண்டு மனசும் திறந்து கிடக்கும்போது நாம் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? அந்த இடத்தைப் பயம் நிரப்புகிறது. எந்தத் தங்கைக்காக சிட்னி இந்த வேலைக்கு வந்தாளோ, அந்த ஸோயியே அவளைக் காட்டிக்கொடுக்கிறாள். ஐந்தாவது புத்தகத்தில் அமைப்பு சிட்னியை 'மறுபயிற்சி' என்ற பெயரில் அடைத்து வைத்து வதைக்கிறது. பழைய அருவருப்பைத் திரும்பப் புகட்டுவதுதான் அங்கே நோக்கம். முதல் மூன்று புத்தகத்தில் மெதுவாகக் கரைந்ததை வலுக்கட்டாயமாகத் திரும்ப உறைய வைக்கப் பார்க்கிறார்கள். அது பலிக்காதபோது, அந்த மூன்று புத்தகத்தின் நிதானத்துக்கும் விலை கிடைத்துவிடுகிறது. அவசரமாக வந்த காதலாக இருந்தால் அங்கே தாங்கியிருக்கும் என்று நம்பியிருக்க மாட்டோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெல்லப் பற்றுகிற கதைக்கும் சும்மா இழுக்கிற கதைக்கும் வித்தியாசம் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்விகள் இவை:

1. இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற தடையா? அப்படியென்றால் அது இழுவை.
2. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் யாராவது ஒருவர் கொஞ்சமாவது மாறியிருக்கிறாரா?
3. சேர்வதற்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதா? சிட்னி விட்டது குடும்பம், வேலை, தான் நம்பிய உலகம்.

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். நீங்க படித்த கதையை இந்தக் கேள்விகளில் வைத்துப் பாருங்க. சிட்னி அந்த மஸ்டாங்கின் கிளட்ச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும்போது நமக்கு ஏன் அலுக்கவில்லை என்பதும் அப்போது புரியும்.