நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது
மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு இல்லை. ஆனால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் இளைஞர்கள் வேலை தேடிச் செல்லும் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளின் தனியார் நிறுவனங்களில் அது நீடிக்கிறது.

பெரும்பாலும் முதல் கேள்வி, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதுதான். குடும்பக் கதையை நீட்டாமல் படிப்பு, பயிற்சி, தெரிந்த வேலை ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். ஐடிஐ ஃபிட்டர் படித்தவர், “வெர்னியர் காலிப்பரில் அளவெடுப்பேன்” என்றால், அடுத்த கேள்வி அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே வர வாய்ப்புண்டு. பயோடேட்டாவின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கட்டும். பதிலை வாய்விட்டுச் சொல்லி, கைப்பேசியில் பதிந்து கேட்டால் தடுமாற்றம் குறையும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது குறையல்ல. அசல் சான்றிதழ்களை முந்தைய இரவே கோப்பில் அடுக்கிவிட வேண்டும்.