‘போங்கள்’ என்று சொல்வதற்கு ஒரு சண்டை!
ஸ்பெயினைக் கலக்கிய ஒற்றை எழுத்து

2017-ம் ஆண்டு, ஜூலை மாதம்.

ஸ்பெயின் நாட்டில் கோடைக் காலம். வெயில் கொளுத்திக்கொண்டு இருந்தது. அந்த வெயிலில் ஒரு சண்டை மூண்டது. பத்திரிகைகள் அதைப்பற்றி எழுதின. வானொலியில் பேசினார்கள். படித்தவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள்.

என்ன சண்டை? நிலத் தகராறா? பணத் தகராறா? இரண்டும் இல்லை. ஓர் எழுத்து!

நாலு பிள்ளைகள் வீட்டுக்குள் கூச்சல் போடுகிறார்கள். அம்மா, “எல்லோரும் வெளியே போங்கள்!” என்று விரட்டுகிறாள். இந்தப் “போங்கள்” என்ற சொல்லை ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

“ஈதோஸ்” என்று சொல்ல வேண்டும் என்றது இலக்கணம்.

“ஈரோஸ்” என்றே சொன்னார்கள் மக்கள்.

நடுவில் இருப்பது “தோ”வா, “ரோ”வா? இதுதான் வழக்கு. இந்த வழக்கு புரியவேண்டுமானால், “போ” என்ற அந்தச் சொல்லின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். விசித்திரமான கதை அது.

வேர் இல்லாத சொல்

ஸ்பானிய மொழி ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. ஸ்பெயினில் மட்டும் அல்ல. மெக்சிகோ, பெரு, சிலி, அர்ஜென்டினா என்று அமெரிக்கக் கண்டத்தில் பல நாடுகளில் அதுதான் பேச்சு.

அந்த மொழியின் வினைச்சொற்கள் பெரும்பாலும் சாதுவானவை. “பேசு” என்பதற்கு “அப்லார்” என்று பெயர். கடைசியில் உள்ள “ஆர்” என்பதை எடுத்துவிட்டு வேறு வால் ஒட்டினால் போதும். “அப்லோ” என்றால் பேசுகிறேன். “அப்லாஸ்” என்றால் பேசுகிறாய். “அப்லான்” என்றால் பேசுகிறார்கள். “அப்ல்” என்ற வேர் அசையாமல் நிற்கிறது. வால்தான் மாறுகிறது. நாமும் இப்படித்தானே சொல்கிறோம்? பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள்!

“போ” என்பதற்கு உள்ள சொல் “ஈர்”. இதிலும் வாலை எடுக்கலாம் என்று பார்த்தால் வேடிக்கை நடக்கிறது. இங்கே “ஈர்” என்பதே வால். வாலை எடுத்துவிட்டால் மீதி என்ன? ஒன்றும் இல்லை!

வேர் இல்லாத செடி என்ன செய்யும்? அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித்தான் பிழைக்க வேண்டும். “ஈர்” அதைத்தான் செய்தது.

மூன்று வீட்டுச் சொத்து

“நான் போகிறேன்” என்பதற்கு ஸ்பானியர் சொல்லும் சொல்லைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். “போய்”! எழுதுவது “வ” ஒலிக்கு உரிய எழுத்தில். படிப்பதோ, “பஸ்” என்று சொல்லும்போது வருகிற “ப” போல. ஆகவே காதில் நம்முடைய “போய்” மாதிரியே விழுகிறது. பொருளும் கிட்டத்தட்ட அதுவே! இதைக் கேட்டு, “ஸ்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இது தற்செயல். உறவு ஏதும் கிடையாது.

நான் போகிறேன் - போய். நீ போகிறாய் - பாஸ். அவன் போகிறான் - பா. அவள் போகிறாள் என்றாலும் “பா”தான். ஆண், பெண் வேற்றுமையை அந்த மொழியின் வினை காட்டாது. நாம் போகிறோம் - பாமோஸ். அவர்கள் போகிறார்கள் - பான்.

சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போதே காலம் மாறுகிறது.

“சின்ன வயதில் நான் ஆற்றுக்குப் போவது வழக்கம்” என்பதுபோல, முன்பு அடிக்கடி நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் “இபா” என்கிறார்கள். “நேற்று ஒரு தடவை போனேன்” என்றால் “ஃபுயி”. “நாளைக்குப் போவேன்” என்றால் “இரே”.

போய், இபா, ஃபுயி, இரே! நாலும் ஒரே சொல்லின் நாலு உருவங்கள் என்று யாராவது நம்புவார்களா? நேரில் படிக்கிற மாணவனே நம்பமாட்டான். இன்னும் ஆணை, விருப்பம், நிபந்தனை என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் இந்த ஒரு சொல்லுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு.

இதற்குக் காரணம் லத்தீன் மொழியில் இருக்கிறது. ரோமாபுரிப் படைகள் ஸ்பெயினைப் பிடித்தபோது லத்தீனும் கூடவே வந்தது. அந்த லத்தீனே உருமாறி ஸ்பானிய மொழி ஆயிற்று. லத்தீனில் “போ” என்பதற்கு “ஈரே” என்று ஒரு சொல் இருந்தது. “இபா”வும் “இரே”யும் அதன் பிள்ளைகள்.

ஆனால் “ஈரே” தன் நிகழ்காலத்தில் மிகவும் சிறுத்துப் போயிற்று. “போகிறேன்” என்பதற்கு “எயோ”. “போகிறாய்” என்பதற்கு “இஸ்”. வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். சந்தை இரைச்சலில் யார் காதில் விழும்? மக்கள் பார்த்தார்கள். “நடந்து செல்” என்ற பொருளில் இருந்த “வாதெரே” என்ற வேறொரு சொல்லை இழுத்து வந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். “போய், பாஸ், பா” எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவது கடன்தான் எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை. “போனேன்” என்று பொருள்படும் “ஃபுயி” உண்மையில் “போ” குடும்பமே அல்ல. அது “இரு” என்ற சொல்லின் இறந்தகாலம்! இன்றைக்கும் ஸ்பானிய மொழியில் “இருந்தேன்” என்பதற்கும் “போனேன்” என்பதற்கும் ஒரே சொல். “எல் ஃபுவே மாயெஸ்த்ரோ” என்றால், அவர் ஆசிரியராக இருந்தார். “எல் ஃபுவே ஆ மாத்ரித்” என்றால், அவர் மாத்ரித்துக்குப் போனார். நடுவில் வருகிற “ஆ” நம்முடைய “கு” உருபு போன்றது. அதை வைத்துத்தான் ஆள் போனாரா, இருந்தாரா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இது எப்படி நேர்ந்தது? “நான் ரோமாபுரியில் இருந்தேன்” என்று ஒருவன் சொன்னால், அவன் அங்கே போனான் என்பதும் அதற்குள் அடக்கம்தானே? இப்படிச் சொல்லிச் சொல்லியே “இருந்தேன்” என்பது “போனேன்” ஆயிற்று என்று மொழி வரலாறு அறிந்தவர்கள் விளக்குகிறார்கள். நமக்கு இது புதிது அல்ல. “நேற்று எங்கே?” என்று கேட்டால், “மதுரைக்குப் போயிருந்தேன்” என்கிறோம். அந்த ஒரே சொல்லில் “போ”வும் இருக்கிறது, “இரு”வும் இருக்கிறது!

இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளும் இந்த வலியை அறிவார்கள். “கோ” என்பதன் இறந்தகாலம் “வென்ட்” என்று மனப்பாடம் செய்கிறார்களே, அந்த “வென்ட்”டும் வேறொரு பழைய வினையிடம் வாங்கிய கடன்தான்.

அதிகம் புழங்கும் காசு

கோணல் வினைகளைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரு, போ, வா, செய், சொல், கொடு என்று நாள் முழுக்க நம் வாயில் புரளும் சொற்களே அதிகம் கோணிக் கிடக்கின்றன. தமிழில் “வா” என்பதைப் பாருங்கள். வந்தான், வருகிறான், வாருங்கள்! “வா” எங்கே, “வரு” எங்கே?

எப்போதாவது பயன்படும் சொல் கோணலாக இருந்தால் மறந்துபோகும். மறந்தவன் பொது விதிப்படி ஒன்றைச் சொல்லிவிடுவான். கோணல் நிமிர்ந்துவிடும். தினமும் நூறு தடவை சொல்லும் சொல்லுக்கு அந்த மறதி வருவதில்லை. ஆகவே அதன் கோணலும் தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது.

குழந்தைகள் மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. “எனக்குத் தெரியும்” என்பதற்கு ஸ்பானிய மொழியில் “சே” என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் “சாபோ” என்கிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பொது விதிப்படி பார்த்தால் “சாபோ”தான் வரவேண்டும்! விதியைச் சரியாகப் பிடித்த குழந்தையைத் திருத்தித்தான் தவறான வழிக்குக் கொண்டுவருகிறோம்.

46 நாற்காலிகள்

இனி வழக்குக்கு வருவோம்.

ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை எழுதி அச்சிட்டவர் அந்தோனியோ தே நெப்ரிகா என்ற பேரறிஞர். 1492-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி, சலமான்கா நகரில் அது வெளிவந்தது. கொலம்பஸ் கப்பல் ஏறிப் பதினைந்தே நாள் ஆகியிருந்தது.

பிறகு 1713-ம் ஆண்டில் மாத்ரித் நகரில் ஸ்பானிய அரச அகாடமி தோன்றியது. “துப்புரவு செய்யும், நிலைநிறுத்தும், ஒளி ஊட்டும்” என்பது அதன் கொள்கை. இன்றும் அங்கே 46 நாற்காலிகள் உண்டு. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் எழுத்தே பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் உண்டு. வியாழக்கிழமைதோறும் புலவர்கள் கூடுகிறார்கள், சொற்களை விசாரிக்கிறார்கள்.

அவர்கள் முன் பல காலமாக நின்ற குற்றவாளிதான் “ஈரோஸ்”.

“உட்காருங்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, “செந்தாத்” என்பதோடு “ஓஸ்” சேர்க்க வேண்டும். சேரும்போது நடுவில் உள்ள “த்” விழுந்து “செந்தாஓஸ்” ஆகும். எல்லா வினைகளுக்கும் இதே விதி. “ஈத்” என்பதிலும் அப்படி “த்”தை விட்டுவிட்டால் “ஈஓஸ்” என்று ஒரு துண்டுச் சொல்தான் மிஞ்சும். ஆகையால் இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். “த்” இருக்கட்டும், “ஈதோஸ்” என்று சொல்லுங்கள் என்றார்கள்.

மக்கள் அதையும் சொல்லவில்லை. “ஈர்” என்ற மூலச்சொல்லோடு “ஓஸ்” சேர்த்து “ஈரோஸ்” என்றார்கள். படிக்காதவர்கள் மட்டும் இப்படிச் சொன்னார்கள் என்றால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். வக்கீல் சொன்னார். டாக்டர் சொன்னார். ஆசிரியரும் பள்ளிக்கூடத்தில் “ஈதோஸ்” என்று கற்பித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தம் பிள்ளைகளிடம் “ஈரோஸ்” என்றார்! ஒருவர் வாயிலும் வராத சொல் சரி. எல்லோர் வாயிலும் வருகிற சொல் பிழை. 2005-ல் வெளியான ஐயம் தீர்க்கும் அகராதியிலும் தீர்ப்பு அப்படியேதான் இருந்தது.

நாவலாசிரியர் போட்ட வெடி

2017 ஜூலையில் தீர்ப்பு மாறியது. “ஈதோஸ் இருக்கட்டும். ஈரோஸ் என்றாலும் பிழை அல்ல” என்று அகாடமி ஒப்புக்கொண்டது. இதை முதலில் வெளியே சொன்னவர், அதன் உறுப்பினரும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான அர்த்தூரோ பெரேஸ் ரெவெர்த்தே. அப்போது ட்விட்டர் என்று பெயர் பெற்றிருந்த சமூக வலைத்தளத்தில் அவர் ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

“காவல்காரனே கதவைத் திறந்துவிட்டான்!” என்ற பாணியில் ஒரு கட்சி குமுறியது. பாடுபட்டு “ஈதோஸ்” கற்றவர்களுக்குத் தாங்கவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. பரீட்சையில் பிழை என்று அடிக்கப்பட்டது ஒரே நாளில் சரி என்றால், அன்றைக்கு இழந்த மார்க்கை யார் தருவார்கள்?

“மக்கள் பேசுவதுதானே மொழி? இத்தனை காலம் எதற்குக் காத்திருந்தீர்கள்?” என்று கேட்டது இன்னொரு கட்சி.

கடல் கடந்த ஸ்பானியர்களோ இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்தார்கள். மெக்சிகோவிலும் பெருவிலும் இந்த உருவமே பேச்சில் இல்லை. அங்கே பெரியவர்களானாலும் பிள்ளைகளானாலும், பலர் இருந்தால் மரியாதைச் சொல்தான். “பாயான்சே” என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் தகராறு இல்லை.

அகாடமி ஒரு கண்டிப்பான நிபந்தனையும் போட்டது. இந்தச் சலுகை “ஈர்” ஒன்றுக்கு மட்டுமே. மற்ற வினைகள் இந்த வாசல் வழியாக நுழையக் கூடாது.

ஆகவே இன்று ஸ்பெயினில் ஒரு தாய், “வாயை மூடுங்கள்” என்று பிள்ளைகளை அதட்டும்போது “காயாஓஸ்” என்று சொல்ல வேண்டும். பலரும் சொல்வதுபோல் “காயாரோஸ்” என்றால் அது பிழை. பிள்ளைகள் அடங்கவில்லை. அவள் கதவைக் காட்டி “ஈரோஸ்!” என்கிறாள். அது சரி.