முக்கால் போத்தலில் எவ்வளவு போனது?

முக்கால் போத்தல் எண்ணெய் இருந்தது. முறுக்குச் சுட்ட பிறகு பார்த்தால், போத்தலில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். செலவானது எவ்வளவு?

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பல பிள்ளைகள் ஒரே மாதிரி விடை தருவார்கள். மேலே மூன்றில் ஒன்று போக இரண்டு. கீழே நான்கில் மூன்று போக ஒன்று. ஆக 2/1, அதாவது இரண்டு போத்தல்! முக்கால் போத்தல் வைத்திருந்த அம்மா இரண்டு போத்தல் செலவழித்துவிட்டாராம்.

பெற்றோர்களே, சிரித்துக்கொள்ளுங்கள், ரோத்தானை மட்டும் தூக்காதீர்கள். பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. மேலும் கீழுமாக நிற்பவை இரண்டு தனி எண்கள் என்று அது நினைக்கிறது. கீழே உள்ள பகுதி எண், துண்டு எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. மேலே உள்ள தொகுதி எண், அப்படி எத்தனை துண்டு என்று சொல்கிறது. துண்டின் அளவு வேறு வேறாக இருக்கும்போது எண்ணிக்கையை மட்டும் கழித்தால் எப்படிச் சரிவரும்?

முதலில் துண்டுகளை ஒரே அளவாக்க வேண்டும். இதற்குச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரமே போதும். முக்கால் மணி 45 நிமிடம். மூன்றில் ஒரு மணி 20 நிமிடம். கழித்தால் 25 நிமிடம். கடிகார முகத்தில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பன்னிரண்டு துண்டுகள் இருக்கின்றன அல்லவா? 45 நிமிடம் ஒன்பது துண்டு, 20 நிமிடம் நான்கு துண்டு. ஒன்பதில் நான்கு போக ஐந்து. 3/4 − 1/3 என்பது 9/12 − 4/12, விடை 5/12. எண்ணெயும் அவ்வளவுதான் செலவு.

சில பிள்ளைகள் கீழே 12 என்று சரியாக மாற்றிவிட்டு, மேலே பழைய எண்களையே விட்டுவிடுவார்கள். 3/12 என்றால் கால் மணிதான். முக்கால் மணி எங்கே போயிற்று என்று கேளுங்கள். உடனே திருத்திக்கொள்வார்கள்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. வீட்டிலிருக்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். முக்காலில் அரைக்கால் போனால் மீதி 'அரையே அரைக்கால்' என்று அவர் வாய்க்கணக்காகவே சொல்லக்கூடும். அரைக்கால் என்பது காலில் பாதி, 1/8. முக்கால் என்பது ஆறு அரைக்கால். ஒன்று போக ஐந்து, அதாவது 5/8. நம் முன்னோர் வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று இறங்கிக்கொண்டே போனார்கள். அந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. 320-ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாதே!

இனி, கட்டம் போட்டுக் கேட்கும் கணக்கு. 3/4 − □ = 1/3 என்றால் இருந்ததும் தெரியும், மிஞ்சியதும் தெரியும்; கழிக்க வேண்டியதுதான். □ − 1/3 = 5/12 என்று வந்தால்? கழித்தல் குறியைப் பார்த்ததும் பிள்ளை கழித்துவிடும். 1/3 எடுத்த பின் 5/12 மிச்சம். எடுக்குமுன் எவ்வளவு இருந்தது? எடுத்ததைத் திரும்ப ஊற்ற வேண்டும். 5/12 + 4/12 = 9/12, அதாவது முக்கால். குறியைப் பார்க்குமுன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பின்னத்துக்குப் பயந்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் இயற்கணிதம் வந்ததும் "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தடுக்கக்கூடிய நஷ்டம் இது.

இன்றிரவுக்கு ஒரு கணக்கு: பிள்ளை 5/6 மணி நேரம் படித்தது. அதில் 1/4 மணி கணக்கு; மற்றது தமிழ். தமிழ் படித்த நேரம் எவ்வளவு? நிமிடத்திலும் சொல்ல வேண்டும், பின்னத்திலும் சொல்ல வேண்டும். 35 நிமிடம், 7/12 மணி என்று இரண்டும் வந்தால் சரி.