மூன்று மில்லிமீட்டர்

சரித்திரப் பாடத்தில் வரும் 'மெலாயு புரோட்டோ' என்றால் யார் என்றுதானே கேட்டாய், தம்பி? தே தாரேக் வரட்டும். அதற்குள் சுவீடன் வரை போய்விட்டு வந்துவிடலாம்.

1840களில் அங்கே ஆண்டர்ஸ் ரெட்சியஸ் என்ற பேராசிரியர், தலையின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு மனிதர்களை வகை பிரித்தார். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். பின்னால் வந்தவர்கள் அதில் கோடு கிழித்தார்கள்: 75க்குக் கீழே நீள்தலை, 80க்கு மேலே வட்டத்தலை. 1899இல் அமெரிக்கர் வில்லியம் ரிப்ளி, தலை, உயரம், கண், முடியின் நிறம் இவற்றை வைத்து ஐரோப்பியரை மூன்று இனமாக்கினார். அதில் வடக்கத்தி நீள்தலைக்காரர்களுக்கு 'நார்டிக்' என்ற பெயர் ஜோசப் டெனிக்கரிடமிருந்து வந்தது. ஹிட்லர் காலத்தில் அந்தப் பெயர் ஆடிய ஆட்டம் உனக்கே தெரியும்.

உன் தலையையே எடுத்துக்கொள்வோம். நீளம் 190 மில்லிமீட்டர், அகலம் 150 என்று வை. 79 வருகிறது, நடுத்தலை. உன் அண்ணனுக்கு அகலம் மூன்றே மில்லிமீட்டர் கூடுதலா? 80.5. அவன் வட்டத்தலைக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான். இதை நம்பித்தான் இத்தனை தடித்த புத்தகங்கள்! நம்மவர்களும் தப்பவில்லை; சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையும் தலையையும் அளந்தார்.

இப்படி வகை பிரிப்பவர்கள் நம் ஜொகூருக்கும் வந்தார்கள். 1874 கடைசியில் ரஷ்யர் மிக்லுகோ மக்லாய், மகாராஜா அபு பக்காரின் உதவியோடு இந்தக் காட்டுக்குள் போனார். நியூ கினியில் இருந்துவிட்டு வந்தவர்; அந்த மக்களின் சாயல் இங்கேயும் இருக்குமா என்று தேடினார். சுருண்ட முடி தென்பட்டால் கலப்பு என்று குறித்துக்கொண்டார். 1906இல் ஸ்கீட்டும் பிளாக்டனும் முடியை வைத்தே மலாய் தீபகற்பத்தின் பழங்குடிகளைப் பிரித்தார்கள்: சுருட்டை முடி செமாங், அலைமுடி சக்காய், நேர்முடி ஜாகுன். பிறகு அந்த வரிசை, யார் எப்போது இங்கே குடியேறினார்கள் என்ற கால அட்டவணையாகவே ஆகிவிட்டது. முதலில் சுருட்டை வந்தது, அடுத்து அலை, அடுத்து நேர்முடி 'ஆதி மலாய்', அதாவது நீ கேட்ட மெலாயு புரோட்டோ, கடைசியில் இன்றைய மலாய்க்காரர் என்றார்கள். பெயர்கள் மாறின, மூன்று பெட்டிகள் மாறவில்லை. இன்றும் ஒராங் அஸ்லி எனப்படும் இந்தப் பழங்குடிகளின் 18 பிரிவுகள் நெக்ரித்தோ, செனோய், மெலாயு புரோட்டோ என்றுதான் அடுக்கப்படுகின்றன.

தெப்ராவ் நீரிணையின் சதுப்பு ஓரத்தில் படகிலேயே வாழ்ந்த ஒராங் செலேத்தாரும், எண்டாவ் ஆற்றுக் காட்டின் ஜாகுன் மக்களும் மெலாயு புரோட்டோ என்ற ஒரே பெட்டியில். கடலையும் காட்டையும் ஒன்றாகக் கட்டியது என்ன மூளையோ!

மானிடவியலாளர் ஜெஃப்ரி பெஞ்சமின் வேறு மாதிரி சொன்னார். வேட்டையாடி அலைவது, மலையில் பயிர் செய்வது, காட்டுப் பொருளைச் சேகரித்துக் கரையோரத்தில் விற்பது என்று பிழைப்பு பிரிந்ததால்தான் இங்கேயே மூன்று விதச் சமூகங்கள் உருவாயின என்பது அவர் வாதம். எனக்கு அதுதான் பொருந்துகிறது.

சட்டமும் மண்டையைக் கேட்கவில்லை. 1954ஆம் ஆண்டுப் பழங்குடியினர் சட்டம் வம்சாவளியோடு மொழி, வாழ்க்கைமுறை, வழக்கம், நம்பிக்கை இவற்றைப் பார்க்கிறது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் தரும் லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜாகுன் மக்கள் ஜொகூர் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 1996இல் உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தரச் சொன்னது. அந்தக் காட்டில் முன்னோர் காலத்திலிருந்து அலைந்து பிழைத்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி.