மெய்நிகர் சர்வரில் லினக்ஸ்: இணைப்பு அறுந்தால் எங்கே தேடுவது?

பெங்களூரில் குடியேறிய தமிழர்களாகிய நாம் முகவரியின் அருமையை நன்கு அறிவோம். 'ஏழாவது கிராஸ்' என்று மட்டும் சொன்னால் ஆட்டோ ஓட்டுநர் வண்டியைக் கிளப்பமாட்டார். எந்த மெயின், எந்தப் பேட்டை என்று கேட்பார். ஏழாவது கிராஸ் இந்நகரில் எத்தனையோ உண்டு. கணினிகளின் உலகத்திலும் நிலைமை இதுவேதான் என்பதை ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் கண் விழித்து நாம் கற்றுக்கொண்டோம்.

நம் பேட்டைத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் அக்குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து அறிமுகமாவது இந்த வகுப்பில்தான். பாடங்களின் ஒலிப்பதிவுகள், வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் சர்வரில் இருந்தன. அன்று மாலை, அதில் டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவத் துணிந்தோம். பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்திருந்தோம். அந்த மட்டில் அறிவு இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு நிறுவல் முடிந்தது. ஆனால் சர்வர் வெளியுலகோடு பேச மறுத்தது. வகுப்போ மறுநாள் காலை பத்து மணிக்கு.

மெய்நிகர் சர்வர் என்பது யாது? பெரியதொரு கணினியைப் பல பாகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பாகமும் தன்னைத் தனிக் கணினியாகவே எண்ணிக்கொள்ளும்படி செய்வதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸின் கருவிலேயே, 2007-ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் பகுப்பு வசதி சேர்க்கப்பட்டது. இந்நகருக்கும் லினக்ஸுக்கும் உறவு பழையது. 'லினக்ஸ் பெங்களூர்' என்ற மாநாடு 2001-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கியது. மெய்நிகர் சர்வரில் வலையட்டையும் மெய்நிகரே. ஆகையால் கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கும் ஆறுதல் நமக்கு இல்லை.

இந்நிலையில் முதலில் தேட வேண்டியது கன்சோல். வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பெரும்பாலும் தம் இணையப் பக்கத்தின் வழியே சர்வரின் திரையை நேரே காட்டுகின்றன. வலையிணைப்பு இல்லாதபோதும் இது திறக்கும். இந்தக் கதவு திறக்கிறதா என்று நிறுவலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பழைய அமைப்பு அழியுமுன், அதன் ஐ.பி. முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, பெயர்ச் சேவகரின் எண் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளவும் வேண்டும். காகிதத்தில்தான், அந்தச் சர்வரிலேயே சேமித்து வைத்தவர்களையும் நாம் அறிவோம்.

அன்றிரவு நாம் செய்த பெரும் பிழை, வரிசையின்றித் தேடியது. இணையதளப் பெயர்கள் திறக்கவில்லை என்றவுடன் பெயர்ச் சேவகரைச் சந்தேகித்து, அந்த எண்ணை மூன்று முறை மாற்றினோம். இரண்டு மணி நேரம் வீணாயிற்று. பெயர் என்பது மாடி. அதன் கீழே தரைத்தளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவில்லை.

தரைத்தளம் வலையட்டை. அட்டை தென்படுகிறதா, அதன் பெயர் என்ன என்று பார்ப்பது முதற்படி. பழைய குறிப்புகள் 'இ.டி.எச். 0' என்றே சொல்லும். 2013-ஆம் ஆண்டில் சிஸ்டம்டி கொண்டுவந்த புதுமுறையில், அட்டை செருகப்பட்ட இடத்தையொட்டி 'இ.என்.எஸ். 3' போன்ற பெயர்கள் அமைகின்றன. இல்லாத பெயருக்கு எழுதிய அமைப்பு, ஆளில்லாத வீட்டுக்குப் போட்ட தபாலே. நம் அட்டையின் பெயர் சரியாகவே இருந்தது.

அடுத்தது முகவரி. வீட்டு இணைப்பில் முகவரி டி.எச்.சி.பி. முறையில் தானாக வந்துவிடும். வாடகைச் சர்வர்கள் பலவற்றில் அது கிடையாது. நாமே எழுத வேண்டும். உதாரணங்களுக்கென ஒதுக்கப்பட்ட எண்களைக் கொண்டு சொல்வோம். நம் முகவரி 203.0.113.45 என்க. நிறுவல் நிரல், நெட்மாஸ்க் 255.255.255.0 என்றும், கேட்வே 203.0.113.1 என்றும் தானே ஊகித்து நிரப்பிக் காட்டியது. நாமும் எண்டர் விசையைத் தட்டிக்கொண்டே போனோம். நிறுவனம் தந்த காகிதத்திலோ நெட்மாஸ்க் 255.255.255.255, கேட்வே 198.51.100.1 என்று இருந்தது.

நெட்மாஸ்க் என்பது 'என் தெரு எதுவரை' என்று சொல்வது. கேட்வே என்பது தெருவைத் தாண்டிச் செல்வோர் ஏறும் பஸ் நிலையம். நம் சர்வர், இல்லாத நிலையத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தது. கேட்வேக்கு 'பிங்' அனுப்பினோம், பதில் இல்லை. அண்டை வீட்டார் பட்டியலைப் பார்த்தோம். அந்த எண்ணுக்கு எதிரே 'தோல்வி' என்றிருந்தது.

சரியான கேட்வேயை எழுதினோம். இப்போது லினக்ஸ் அதை ஏற்கவே மறுத்தது. அதன் வாதமும் நியாயமே: "உன் தெருவில் உன் வீடு ஒன்றுதான் என்கிறாய், நிலையமோ வேறு பேட்டையில் இருக்கிறது, அங்கே எப்படிப் போவேன்?" இதற்கு இரண்டு கட்டளைகள் வேண்டும். 198.51.100.1 என்பது இந்த அட்டையின் வழியாகவே நேரே எட்டக்கூடியது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகே அதைப் பொதுவழியாக அறிவிக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடியும் மறுப்புத்தான். உபுண்டுவின் நெட்பிளான் அமைப்பில் இதையே 'ஆன்-லிங்க்' என்ற ஒரு சொல் செய்துவிடும். இத்தகைய ஏற்பாடு வாடகைச் சர்வர்களில் அரிதன்று. ஆயினும் புதிதாக வருவோரை மிகவும் அலைக்கழிப்பது இதுவே என்பது நம் கருத்து.

கேட்வே பதில் சொன்னதும், 8.8.8.8 என்ற வெளி எண்ணை அழைத்தோம், அதுவும் பதிலளித்தது. பெயர்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. மூன்று முறை மாற்றிய குழப்பத்தில் 'ரிசால்வ்' கோப்பில் எண்ணைத் தவறாக எழுதியிருந்தோம். எண் பதில் சொல்லிப் பெயர் சொல்லாவிட்டால்தான் பெயர்ச் சேவகரைச் சந்தேகிக்க வேண்டும். சிறு செய்திகள் போய்ப் பெரிய கோப்புகள் மட்டும் நடுவில் நின்றுவிட்டால், 1472 பைட் அளவில் பிரிக்கக்கூடாத பிங் அனுப்பிப் பார்க்கலாம். தலைப்பின் 28 பைட்டும் சேர்ந்து அது 1500 ஆகும்.

கன்சோலில் தட்டிய கட்டளைகள் மறுதொடக்கத்தில் மறைந்துபோகும். ஆகவே அவற்றை அமைப்புக் கோப்பில் எழுதி, சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பினோம். நெட்பிளான் உடையவர்களுக்குச் சோதனை முறை ஒன்று உண்டு. 120 விநாடிக்குள் நாம் உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும்.

இரவு இரண்டு மணிக்கு ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. காலை பத்து மணிக்கு உயிரெழுத்துப் பாடம் வரை வந்திருந்தது. மெய்யெழுத்துகள் பிற்பகலில் வந்து சேர்ந்தன.