ஐயாவை இந்தியாவுக்குக் கொண்டு போவதற்கு முன்

"இந்த வயதில் ஐயாவுக்குச் சத்திரசிகிச்சை இயலாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் மிஞ்சியிருக்கும் காணித் துண்டை ஈடு வைத்து இந்தியாவுக்குக் கொண்டு போவோமா?" எங்களிடம் இப்படிக் கேட்டு வருவோர் பலர்.

முதலில் ஏன் இயலாது என்பதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும். வயது மட்டும் தடையல்ல. கண்புரையை எண்பது வயது கடந்தவர்களுக்கும் கண்ணுக்கு மட்டும் விறைப்பு மருந்து கொடுத்து அகற்றுகிறார்கள். ஆனால் இருதயமோ சுவாசப்பையோ மயக்க மருந்தைத் தாங்காது என்றால், கடல் கடந்து போனாலும் அதே இருதயம்தான். நிபுணரோ கருவியோ இல்லை என்பதே காரணமானால், கொழும்பில் இன்னொருவரிடம் காட்டலாம். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம்; 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டுமென்றால், ஆளுக்கு முன் கடதாசிகள் போகட்டும். நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, ஸ்கான் இவற்றின் பிரதிகளை வேலூருக்கோ மதுரைக்கோ அனுப்பி, செய்வார்களா, எவ்வளவு முடியும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள். மருத்துவ விசாவுக்கும் வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். கூடப் போக உறவினர் இருவர் வரை விசா பெறலாம்.

ஈட்டுக் கதையை அந்தக் கடிதம் வந்தபின் பேசலாம். ஐயாவையும் ஒருமுறை கேளுங்கள். பல தடவை இடம்பெயர்ந்தவர், இன்னுமொரு பயணத்துக்குச் சம்மதமோ தெரியாது.