வலிப்பும் வலிப்பு நோயும்: ஆய்வுகூட எலிகள் உணர்த்தும் உண்மை

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. சிகிச்சை பெறுவோரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் வலிப்பை முற்றாகக் கட்டுப்படுத்த முடிவதில்லை. இத்தனை மருந்துகள் வந்த பின்னரும் இந்நிலை நீடிப்பது ஏன்? அம்மருந்துகள் தெரிவு செய்யப்பட்ட முறையும் இதற்கு ஒரு காரணமாகும்.

மூளையில் நரம்புக்கலங்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் இரசாயனங்களுள் முதன்மையானது 'காபா' ஆகும். பென்டிலீன்டெட்ராசோல் என்னும் இரசாயனம் அதன் செயலைத் தடுப்பதால், அது செலுத்தப்பட்ட எலிக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு ஏற்படுகின்றது. முன்கூட்டியே கொடுக்கப்பட்ட புதிய மருந்து அவ்வலிப்பைத் தடுக்கின்றதா என்று பார்ப்பதே சோதனை. 1940களில் டிரைமெதாடையோன் என்ற மருந்தின் பயன் இவ்வழியிலேயே அறியப்பட்டது.

எனினும், வலிப்பு வேறு. வலிப்பு நோய் வேறு. ஆரோக்கியமான எலிக்கு இரசாயனத்தால் ஏற்படும் வலிப்பு, அந்த இரசாயனத்தின் விளைவு மட்டுமே. நோயாளியின் மூளையோ அத்தகைய தூண்டுதல் ஏதுமின்றி மீண்டும் மீண்டும் வலிப்பை உண்டாக்குகின்றது.

இந்நிலையை விலங்குகளில் தோற்றுவிக்கவே கடற்பாசியிலிருந்து பெறப்படும் கைனிக் அமிலமும், தாவரமொன்றிலிருந்து பெறப்படும் பைலோகார்ப்பினும் பயன்படுத்தப்படுகின்றன. இவை எலிகளில் நீடித்த கடும் வலிப்பை ஏற்படுத்துகின்றன. பல எலிகள் இறந்தும் போகின்றன. தப்பியவை சில நாட்களோ வாரங்களோ அமைதியாக இருக்கும். அக்காலத்தில் நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் கலங்கள் அழிந்து, எஞ்சியவற்றின் இணைப்புகள் மாற்றமடைகின்றன. அதன் பின்னர் வலிப்பு தானாகவே வரத் தொடங்குகின்றது.

மனிதரிலும் இவ்வாறு நிகழக்கூடும் என்பதற்குக் கனடா சான்று பகர்கின்றது. 1987ஆம் ஆண்டில், கைனிக் அமிலத்தை ஒத்த டொமோயிக் அமிலம் கலந்த மட்டிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு நோயுற்றனர். அவர்களுள் ஒருவருக்குச் சுமார் ஓராண்டின் பின்னர் வலிப்பு நோய் தோன்றியது.

சோதனை முறையின் முக்கியத்துவத்தை லெவெடிராசெட்டம் என்னும் மருந்தின் வரலாறு உணர்த்துகின்றது. ஆரோக்கியமான விலங்குகளுக்கு இரசாயனத்தாலோ மின்னதிர்ச்சியாலோ உடனடி வலிப்பை ஏற்படுத்தும் வழமையான சோதனைகளில் அது தோல்வியடைந்தது. ஆனால், மூளையில் ஏற்கெனவே நாட்பட்ட வலிப்புத் தன்மை உருவாகியிருந்த விலங்குகளில் அது பயனளித்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அம்மருந்து இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. பழைய சோதனைகளை மட்டும் நம்பியிருந்தால் அது அன்றே கைவிடப்பட்டிருக்கும்.

தலைக்காயத்தின் பின்னர் வலிப்பு நோய் உருவாவதையே தடுக்கும் என நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. அதனைத் தேடுவதற்கு எலிகளில் காணப்படும் அந்த அமைதிக் காலமே வாய்ப்பளிக்கின்றது. அதேவேளை, இவ்வாய்வுகளில் விலங்குகள் படும் துன்பமும் சிறிதன்று. இயன்றவிடத்து மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை என்று ரஸல், பேர்ச் ஆகியோர் 1959இல் வகுத்த நெறிகள் இங்கு கட்டாயம் பேணப்பட வேண்டும். தவறான கேள்விக்காக ஓர் எலியை வதைப்பது, அந்த விலங்குக்கு மட்டுமன்றி, மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.